டெக்சாஸ் அரோரா கல்லறையில் கிடப்பது செவ்வாய்க் கிரகத்து ஆளா? போய்ப் பார்த்தவங்க சொல்லுங்க

ஊர்சுற்றி (கேள்வி)

வணக்கம் மக்களே. நாங்க இருக்கிறது டல்லாஸ் பக்கத்துல, இர்விங்ல. சென்னையிலிருந்து அக்கா குடும்பம் லீவுக்கு வந்திருக்காங்க. அக்கா பையன் எட்டாவது படிக்கிறான். ஏலியன்னு சொல்லிட்டா அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். வந்து இறங்கின அன்னிக்கே, "மாமா, ராஸ்வெல் எப்ப போறோம்?"னு ஆரம்பிச்சுட்டான். 1947ல பறக்கும் தட்டு விழுந்ததாச் சொல்ற அந்த ராஸ்வெல் நியூ மெக்சிகோவுல இருக்கு, போகவே ஒரு பகல் முழுக்க ஓட்டணும்னு சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறான்.

ஆபீஸ்ல ஒரு டெக்சாஸ்காரர், "எதுக்கு ராஸ்வெல்? இங்க பக்கத்துலயே அரோரான்னு ஒரு ஊர் இருக்கு. ராஸ்வெல்லுக்கு அம்பது வருஷம் முன்னாடியே அங்க ஒரு கப்பல் விழுந்துச்சு. ஓட்டுனவனை உள்ளூர்க் கல்லறையிலேயே கிறிஸ்தவ முறைப்படி புதைச்சாங்க"ன்னாரு. முகத்துல சிரிப்பே இல்ல. விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமா நம்புறாரான்னே புரியல.

மேப்ல பார்த்தா நம்ம வீட்டுப் பக்கம் ஓடுற அதே 114ஆம் நம்பர் ரோடுதான் நேரா அங்க போகுது. என் சந்தேகம் இதுதான். உண்மையில அங்க என்ன நடந்துச்சு? பார்க்க ஏதாவது இருக்கா, இல்ல வெறும் பொட்டலா? யாராவது தோண்டிப் பார்த்தாங்களா? பையன் ஏமாந்துட்டா வீட்டுக்கு வர்ற வரைக்கும் கார்ல என் காது கிழிஞ்சிடும். போனவங்க யாராவது சொல்லுங்களேன்.

---

வானம்பாடி77

ப்ரோ, கண்டிப்பா போங்க. இது சும்மா கட்டுக்கதை இல்ல. 1897 ஏப்ரல்ல டல்லாஸ் பேப்பர்லயே செய்தி வந்திருக்கு. ரைட் சகோதரர்கள் பறந்ததே 1903லதான். அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி டெக்சாஸ் வானத்துல என்ன பறந்திருக்க முடியும், நீங்களே யோசிங்க. டெக்சாஸ் அரசாங்கமே கல்லறை வாசல்ல போர்டு வெச்சிருக்கு. கப்பல் விழுந்த இடத்துக் கிணத்துத் தண்ணில அலுமினியம் அதிகமா இருந்ததா டெஸ்ட்ல தெரிஞ்சிருக்கு. தோண்ட விடாம கோர்ட் வரைக்கும் போய்த் தடுத்தாங்க. ஒண்ணும் இல்லன்னா ஏன் தடுக்கணும்?

---

பழைய டெஸ்க்

ஊர்சுற்றி தம்பிக்கு, நான் கெல்லரில் மகள் வீட்டில் இருக்கிறேன். அரோரா எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஊரில் இருந்தவரை ஒரு தமிழ் நாளிதழின் மதுரைப் பதிப்பில் மாவட்டப் பக்கம் பார்த்த உதவி ஆசிரியன். என் வேலையே தாலுகா நிருபர்கள் அனுப்பும் செய்தியில் எதை எடுப்பது, எதைக் குப்பைக் கூடையில் போடுவது என்று முடிவு செய்வதுதான். அதனால் இந்த விஷயத்தை வேற்றுக்கிரகத்துப் பக்கமிருந்து பார்க்க எனக்குத் தெரியாது. செய்தியாகத்தான் பார்க்கத் தெரியும்.

முதலில் அந்தச் செய்தியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றிப் பேசுகிற பாதிப் பேர் அதைப் படித்ததில்லை. டல்லாஸ் மார்னிங் நியூஸ், 1897 ஏப்ரல் 19, திங்கட்கிழமை. எழுதியவர் எஸ். ஈ. ஹேடன். இவர் முழுநேர நிருபர் அல்ல. அரோராவில் பருத்தி வாங்கி விற்றவர், அவ்வப்போது பத்திரிகைக்கு ஊர்ச் செய்தி அனுப்புகிறவர். நம் ஊரில் மளிகைக் கடையோ ஏஜென்சியோ வைத்துக்கொண்டு பகுதிநேர நிருபராக இருப்பார்களே, அந்த ரகம். செய்தி மொத்தமே சில பத்திகள்தான்.

காலை ஆறு மணி. சீக்கிரம் எழுந்தவர்கள் வானத்தைப் பார்த்துத் திகைக்கிறார்கள். அந்த நாட்களில் ஊர் ஊராக எல்லோரும் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆகாயக் கப்பல் வடக்கு நோக்கி, வழக்கத்தைவிடத் தாழ்வாக வருகிறது. இயந்திரத்தில் ஏதோ கோளாறு போல; மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் வேகம்தான். ஊர்ச் சதுக்கத்தைத் தாண்டி வடக்குக் கோடியில் ஜட்ஜ் ப்ராக்டரின் காற்றாடிக் கோபுரத்தில் மோதி வெடித்து, பல ஏக்கருக்குச் சிதறுகிறது. (இங்கே யாரும் முப்பந்தல் காற்றாலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற சின்னக் காற்றாடி.) கோபுரம் போச்சு, தண்ணீர்த் தொட்டி போச்சு, ஜட்ஜின் பூந்தோட்டமும் போச்சு. கப்பலில் ஒரே ஒரு ஆள். உடல் சிதைந்திருந்தாலும் இந்த உலகத்தைச் சேர்ந்தவன் இல்லை என்று தெரிந்ததாம். டி. ஜே. வீம்ஸ் என்பவர், அமெரிக்க ராணுவத் தகவல் பிரிவு அதிகாரி, வானியல் அறிந்தவர், "இவன் செவ்வாய்க் கிரகத்தான்" என்று கருத்துச் சொல்கிறார். சட்டைப் பையிலோ எங்கேயோ இருந்த காகிதங்களில் யாருக்கும் புரியாத சித்திர எழுத்து. கப்பல் அலுமினியமும் வெள்ளியும் கலந்தது போன்ற உலோகம், பல டன் எடை. ஊர் முழுக்கக் கூட்டம், ஆளுக்கொரு துண்டு பொறுக்குகிறார்கள். நாளை நண்பகலில் இறுதிச் சடங்கு. செய்தி அவ்வளவுதான்.

இந்தச் செய்தி என் மேஜைக்கு வந்திருந்தால் நான் முதலில் தேடுவது, பார்த்த ஆளின் பெயர். ஒன்றுகூட இல்லை. ஜட்ஜின் பெயர் வருகிறது, ஆனால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கோபுரம் இடிந்து தொட்டி உடைந்த மனிதர், காலை ஆறு மணிக்கு வீட்டில்தானே இருந்திருப்பார்? அவரிடம் கேட்காமல் எந்த நிருபர் செய்தி அனுப்புவான்? கருத்துச் சொல்வது வீம்ஸ் மட்டும். அரோரா மாதிரி ஒரு பருத்தி ஊரில் ராணுவத் தகவல் அதிகாரிக்கு என்ன வேலை என்று பின்னாளில் தேடியவர்கள், அந்தப் பெயரில் ஊரில் இருந்தவர் கொல்லர் என்கிறார்கள். பட்டறைக்காரருக்கு அதிகாரி வேஷம் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். டல்லாஸில் இருப்பவனுக்கு அது தெரியாது.

அப்புறம் அந்தப் பூந்தோட்டம். வேற்றுக்கிரகத்துக் கப்பல் விழுந்து ஒரு உயிர் போயிருக்கிறது, எழுதுகிறவர் ஜட்ஜின் பூச்செடிக்காக வருத்தப்படுகிறார். எனக்கு இந்த இடத்தில்தான் ஹேடனைப் பிடித்துப்போனது. கதை விடுகிறவனின் கை அங்கே தெரிகிறது, நல்ல கைதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. செய்தி அனுப்பிய தேதி ஏப்ரல் 17, சனிக்கிழமை. "நாளை நண்பகல்" என்றால் ஞாயிறு, ஏப்ரல் 18. அந்த வருஷம் அது ஈஸ்டர். டெக்சாஸ் கிராமத்தில் ஈஸ்டர் ஞாயிறு என்றால் சுற்று வட்டாரமே தேவாலயத்தில் இருக்கும். அன்று உச்சி வேளையில் செவ்வாய்க் கிரகத்தானை அடக்கம் செய்தார்கள் என்றால், போதகர் என்ன ஜெபம் செய்தார், இவனுக்கு ஆன்மா உண்டா இல்லையா என்று அந்த ஊர் மூன்று தலைமுறைக்குச் சண்டை போட்டிருக்கும். ஒரு நாட்குறிப்பு, ஒரு கடிதம், ஒரு பிரசங்கக் குறிப்பு வந்திருக்க வேண்டாமா?

வரவில்லை. அதைவிட, டல்லாஸ் பத்திரிகையே மறுநாள் ஒரு வரி போடவில்லை. கவனியுங்கள், ஃபோர்ட் வொர்த்திலிருந்து அரோரா குதிரை வண்டியிலேயே ஒரு நாளில் போய்ச் சேரலாம். பக்கத்து ஊரான ரோம் (இத்தாலி ரோம் இல்லை, டெக்சாஸின் Rhome) வரைக்கும் ரயில் இருந்தது. உலகத்தின் முதல் செவ்வாய்க் கிரகப் பிணத்தை அடக்கம் செய்கிறார்கள் என்று தன் பத்திரிகையிலேயே போட்டுவிட்டு, ஒரு போட்டோகிராஃபரை அனுப்பாத ஆசிரியர் உலகத்தில் எங்கேயும் கிடையாது. அந்த ஆசிரியர் அதை நம்பவில்லை, அவ்வளவுதான். ரசித்தார், போட்டார். அதே இதழில் இன்னும் பல ஊர்களின் ஆகாயக் கப்பல் சேதிகள் வரிசையாக இருந்தன. இதுவும் அவற்றோடு போனது.

1995 செப்டம்பர் 21 நினைவிருக்கிறதா? பிள்ளையார் பால் குடித்த நாள். அன்று எங்கள் டெஸ்க்கில் ஃபோன் கீழே வைக்க முடியவில்லை. மறுநாள் முதல் பக்கம், அடுத்த நாள் விஞ்ஞானிகள் விளக்கம், அதற்கு அடுத்த நாள் பால் விலை, அப்புறம் தலைவர்கள் அறிக்கை. ஊரே திரண்டு பார்த்த விஷயம் என்றால், அது நிஜமோ பொய்யோ, செய்தி வால் பிடித்து வந்துகொண்டே இருக்கும். அரோராவுக்கு வால் இல்லை.

வானம்பாடி தம்பி, அந்தக் காலத்தில் வானத்தில் என்ன பறந்திருக்க முடியும் என்று கேட்டீர்கள். 1896 நவம்பரில் கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோ பக்கம் இரவில் ஒரு விளக்கு நகர்வதைப் பார்த்தோம் என்று ஆரம்பித்தது. மாதக் கணக்கில் அது கிழக்கே பரவி, 1897 ஏப்ரலில் டெக்சாஸை எட்டியது. அந்தக் குளிர்காலம் முழுக்க மாலை வானில் வெள்ளிக் கிரகம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆனால் அப்போது வந்த கதைகளில் பெரும்பாலும் கப்பலை ஓட்டியது மனிதர்கள்தான். ரகசியமாக எவனோ ஒரு கண்டுபிடிப்பாளன் பறக்கிறான் என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். இதே டெக்சாஸில் ட்ரினிட்டி கவுன்ட்டி விவசாயி ஒருவரின் வாசலில் இறங்கி, உங்கள் கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டார்களாம். கான்சாஸில் ஒரு பண்ணைக்காரர் என் கன்றுக்குட்டியைக் கயிறு கட்டித் தூக்கிப் போனார்கள் என்று சத்தியம் பண்ணினார். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் "இவர் நாணயஸ்தர்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். முக்கால் நூற்றாண்டு கழித்துத் தோண்டிப் பார்த்தால், அவரும் அந்தப் பெரிய மனிதர்களும் பொய் சொல்வதற்கென்றே சங்கம் வைத்திருந்தவர்கள்! போட்டி போட்டுப் புளுகுவதுதான் அன்றைய மாலைப் பொழுதுபோக்கு.

ஹேடன் செய்த புதுமை, ஓட்டுநரைச் செவ்வாய்க்குக் கொண்டுபோனது. அதுவும் அந்தக் காலத்துப் பேச்சுதான். 1894 முதல் பெர்சிவல் லோவல் என்கிற அமெரிக்க வானியலாளர் அரிசோனாவில் ஒரு வானாய்வு நிலையம் கட்டி, செவ்வாயில் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். படித்தவர்கள் வீட்டில் அதுதான் பேச்சு.

மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன், பேத்தியைக் கூப்பிடப் போக வேண்டும்.

---

கோவை ஃபவுண்ட்ரி

அலுமினியம்னு சொன்னதால உள்ள வர்றேனுங்க. முப்பது வருசமா அலுமினியம் காஸ்டிங்தான் பொழப்பு.

கிணத்துத் தண்ணில அலுமினியம் இருந்துச்சுன்னா அதுல அதிசயமே இல்லீங்க. பூமியோட மேல்தோட்டுல எடைக்கணக்குல எட்டு சதம் அலுமினியம்தான். களிமண்ணே அலுமினியச் சேர்மம். நம்மூர்ல கலங்கல் தண்ணியைத் தெளிய வைக்கப் போடற படிகாரமும் அதுதான். எந்த ஊர்க் கிணத்துல சேறு கலந்த தண்ணியை எடுத்து டெஸ்ட் பண்ணுனாலும் கொஞ்சம் காட்டும்.

இன்னொண்ணு. அங்க தோட்டத்துல உருகுன உலோகக் கட்டி கிடைச்சுதுன்னு அப்பப்ப படம் போடறாங்க. அலுமினியம் 660 டிகிரில உருகிரும். குப்பையோட பழைய பிஸ்டனோ பாத்திரமோ கிடந்து, மேல நாலு கட்டை விறகு நல்லாப் பத்துனாப் போதும், ஒழுகி மண்ணுக்குள்ள இறங்கிரும். ஆறுன பின்னாடி எடுத்துப் பாத்தீங்கன்னா மேல்பக்கம் வெள்ளியாட்டம் மினுமினுன்னு, தோல் சுருங்குன மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும். அடிப்பக்கம் மண்ணும் பொடிக்கல்லும் ஒட்டிக் கரடா இருக்கும். எங்க பட்டறைல மோல்டு கசிஞ்சா தரைல இருந்து சுத்தியல்ல தட்டி எடுக்கறது இதையேதான். தெரியாதவங்க கையில குடுத்தா "இது இந்த உலகத்துது இல்ல"ன்னுதான் சொல்லுவாங்க.

அந்த "அலுமினியமும் வெள்ளியும்" வரிய படிச்சதும் சிரிச்சுட்டேனுங்க. ஹால், ஹெரூ ரெண்டு பேரும் தனித்தனியா மின்சாரத்துல அலுமினியம் பிரிக்கற வழி கண்டுபிடிச்சது 1886ல. அதுக்கு ரெண்டே வருசம் முன்னாடி, 1884ல, வாஷிங்டன் நினைவுத்தூண் உச்சில சின்னதா ஒரு அலுமினியக் கூம்பு வெச்சாங்க. அப்ப அது அத்தனை அருமையான பொருள். 1897ல புது உலோகம், எடை இல்லாத உலோகம்னு எல்லாரும் பேசிட்டு இருந்தது இதைத்தான். செவ்வாய்க்காரன் கப்பல் எதுல செஞ்சிருப்பான்னு ஒரு பருத்தி வியாபாரி யோசிச்சா வேற எது தோணும்? இன்னிக்கு எழுதுனா கார்பன் ஃபைபர்னு எழுதியிருப்பாருங்க.

அப்புறம் மணிக்குப் பத்துப் பன்னெண்டு மைல்னா 16லிருந்து 19 கிலோமீட்டர்தான். அந்த வேகத்துல டிவிஎஸ் எக்ஸ்எல் போய்ச் செவுத்துல முட்டுனா ஹெட்லைட் ஒடையும். பல ஏக்கர் செதறாது.

---

வானம்பாடி77

எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கீங்க, சரி. ஆனா டெஸ்க் ஐயா ஒண்ணை விட்டுட்டாரு. 1979ல டைம் பத்திரிகையில உள்ளூர் வரலாறு எழுதுற ஒரு பாட்டியம்மா, "ஜட்ஜ் வீட்டுல காத்தாடியே கிடையாது, ஹேடன் விளையாட்டுக்கு எழுதினது"ன்னு சொன்னாங்க. அதையே பிடிச்சுக்கிட்டு எல்லாரும் கதையை மூடிட்டாங்க. ஆனா 2008ல ஒரு டிவி குழு போய் அந்தக் காத்தாடியோட அடித்தளத்தைக் கண்டுபிடிச்சுட்டாங்க. ரேடார் வெச்சுப் பார்த்ததுல கல்லறையில அந்தக் காலத்துப் பெயரில்லாத குழி ஒண்ணும் தெரிஞ்சுது. ஜட்ஜோட நிலத்தைப் பின்னாடி வாங்கினவர் கிணத்தைத் தூர்வாரித் தண்ணி குடிச்சதுல கை விரல் எல்லாம் முண்டு முண்டா ஆகி, கடைசியில கிணத்துக்குக் கான்கிரீட் மூடி போட்டாரு. 1973ல உயிரோட இருந்த பெரியவங்க ரெண்டு மூணு பேர் எங்க அப்பா பார்த்தாரு, எங்க அம்மா பார்த்தாங்கன்னு சாட்சி சொன்னாங்க. இதெல்லாம் என்னங்க?

---

பழைய டெஸ்க்

நல்ல கேள்விகள். வரிசையாக இல்லாமல் மனதில் பட்டபடி சொல்கிறேன்.

காற்றாடி விஷயத்தில் அந்த அம்மையார் சொன்னது நிற்கவில்லை, உண்மை. கிணறு இருந்தால் காற்றாடி இருந்திருக்கும், அது டெக்சாஸ். ஆனால் காற்றாடி இருந்தது என்பதற்காக அதில் கப்பல் மோதியது என்று ஆகாது. நல்ல புளுகு எழுதுகிறவன் ஊரில் இருக்கிற காற்றாடியைத்தான் எழுதுவான். இல்லாத காற்றாடியை எழுதினால் ஊரான் முதல் வரியிலேயே மடக்கிவிடுவானே.

பெயரில்லாத குழி என்றீர்கள். அந்தக் கல்லறையில் பெயரில்லாத குழிக்குப் பஞ்சமே இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். கிணற்றுக்காரருக்கு வந்தது கடுமையான மூட்டுவாதம். பாவம், அவருக்கு அதன் காரணம் தண்ணீர் என்று தோன்றியது. மூட்டுவாதம் உலகம் பூராவும் இருக்கிறது, எல்லோரும் அரோராவில் தண்ணீர் குடிக்கவில்லை.

1973 சாட்சிகளைப் பற்றி நான் கேலி பேச மாட்டேன். எழுபத்தாறு வருஷம் கழிந்து, தொண்ணூறு வயதுக்காரர்களிடம் நிருபர்கள் மைக்கை நீட்டுகிறார்கள். சின்ன வயதில் வீட்டில் பேசிக் கேட்டதைச் சொல்கிறார்கள். "அப்பா அம்மா போய்ப் பார்த்தார்கள், என்னைக் கூட்டிப்போகவில்லை" என்கிற மாதிரி. ஊரைப் பற்றி டல்லாஸ் பேப்பரில் அப்படி ஒரு செய்தி வந்தால் எல்லா வீட்டிலும் அதைப் பற்றிப் பேசித்தான் இருப்பார்கள். குழந்தை காதில் விழுந்தது செய்தியா சம்பவமா என்று எப்படிப் பிரிப்பது? அதிலும் அந்த வருஷம் இதைக் கிளப்பியவர்களில் முக்கியமானவர் டல்லாஸ் டைம்ஸ் ஹெரால்டின் விமானப் பிரிவு எழுத்தாளர் பில் கேஸ். மியூஃபான் என்கிற பறக்கும் தட்டு ஆய்வுச் சங்கத்திலும் இருந்தவர். முதல் சுற்றில் டல்லாஸ் மார்னிங் நியூஸ், இரண்டாம் சுற்றில் அதன் போட்டிப் பத்திரிகை. எனக்கு அதில் ஒரு ரசனை.

தோண்ட விடாதது ஏன் என்பதற்கு வருகிறேன். 1973ல் சவப்பெட்டியைத் திறக்க வேண்டும் என்று கேட்டபோது கல்லறைச் சங்கத்தார் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார்கள். இதில் எதையும் மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிற இடுகாடு. என் பாட்டன் படுத்திருக்கிற வரிசையில் யாரோ மண்வெட்டியோடு வந்து, இங்கே ஒரு செவ்வாய்க் கிரகத்தான் இருக்கிறானா பார்க்கிறேன் என்றால் நான் மட்டும் விட்டுவிடுவேனா? அதற்குள் நடந்ததையும் பாருங்கள். கப்பல் போல ஏதோ கீறியிருந்த ஒரு கல்லை அடையாளம் என்று காட்டினார்கள். மெட்டல் டிடெக்டர் அந்த இடத்தில் கத்தியது என்றார்கள். கொஞ்ச நாளில் கல்லை எவனோ திருடிக்கொண்டு போய்விட்டான், டிடெக்டரும் பேசாமல் போய்விட்டது. சங்கத்தார் செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

இனி ஊர்சுற்றி தம்பி கேட்டது: பார்க்க என்ன இருக்கிறது?

வாசல் பக்கத்தில் டெக்சாஸ் வரலாற்று ஆணையம் 1976ல் வைத்த பலகை. வானம்பாடி சொன்ன அரசாங்க போர்டு அதுதான். ஆனால் அதில் கப்பலுக்கு ஒரே ஒரு வாக்கியம். 1897ல் பக்கத்தில் விண்கப்பல் விழுந்தது, ஓட்டியவரை இங்கே புதைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு, அதனாலும் இந்த இடம் பிரபலம் என்கிறது. பலகையின் மிச்சம் முழுக்க வேறு விஷயம், உங்கள் பையனை அதையும் படிக்கச் சொல்லுங்கள். 1877ல் உள்நாட்டுப் போர் வீரர் ஒருவர் மூன்று ஏக்கர் தானமாகக் கொடுத்த இடுகாடு. 1891ல் ஒரு கொள்ளை நோய். உடம்பில் புள்ளி புள்ளியாக வந்ததால் புள்ளிக் காய்ச்சல் என்றார்கள். மூளைக்காய்ச்சலில் ஒரு வகையாக இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறார்கள். அந்த ஒரு நோயில் மட்டும் நூற்றுக்கணக்கில் குழிகள். கல் வைக்கக்கூட ஆளோ பணமோ இல்லாத வீடுகள் எத்தனை இருந்திருக்கும். ரேடாரில் பெயரில்லாத குழி தெரிந்தது என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

நெல்லி பர்ரிஸ் என்கிற குழந்தையின் கல்லைத் தேடுங்கள். 1891ல் பிறந்து 1893ல் போய்விட்டது. கல்லில் பெற்றவர்கள் வெட்டி வைத்திருப்பது, "இத்தனை சீக்கிரம் முடியப் போகிறவளை எதற்குத் தொடங்கினார்களோ" என்ற அர்த்தத்தில் ஒரு வரி. என் மனைவி அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள். செவ்வாய்க் கிரகத்தான் குழியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நோயோடு விடவில்லை. பயிர் பொய்த்தது. வரும் வரும் என்றிருந்த ரயில் பாதை அரோராவுக்கு வராமல் போனது. ரயில் கிடைத்த ரோம் நிமிர்ந்தது, இந்த ஊர் கரைந்தது. ரயில் போகாத பருத்திச் சந்தை என்னவாகும் என்று நம் ஊரில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஹேடன் அந்தச் சமயத்தில்தான் எழுதினார். ஊர்ப் பெயர் நாலு பேர் வாயில் வரட்டும் என்று எழுதினார் என்பதுதான் அந்த வரலாற்றாசிரியர் அம்மையாரும் சொன்னது. காற்றாடியில் அவர் சறுக்கினாலும் இதில் சரியாகச் சொன்னார் என்பது என் தீர்ப்பு. எங்கள் தாலுகா நிருபர்களிலும் ஒருவர் இருந்தார். மூன்று வருஷம் மழை இல்லாத ஊர். திடீரென்று அங்கே வேப்ப மரத்தில் பால் வடிகிறது என்று செய்தி வரும். போடுவோம். ரெண்டு நாள் கூட்டம் வரும், டீக்கடைக்கு வியாபாரம் ஆகும். அவரை நான் ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டதில்லை.

---

ஊர்சுற்றி

டெஸ்க் ஐயா, ஃபவுண்ட்ரி அண்ணே, வானம்பாடி, எல்லாருக்கும் நன்றி. பையனுக்கு முழுசாப் படிச்சுக் காட்டினேன். "அப்ப அது பொய்யா?"ன்னு மூஞ்சி சுருங்கிடும்னு பார்த்தா, "மாமா, ஈஸ்டர் பாயின்ட் செமயா இருக்கு, நானே காலண்டர் போட்டுச் செக் பண்றேன்"னு லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போயிட்டான். சரியாத்தான் வருதாம். சனிக்கிழமை கிளம்புறோம். ஏலியன் குழி எந்த இடம்னு சொன்னா நல்லா இருக்கும், அதைப் பார்க்காம அவன் வண்டியில ஏற மாட்டான். சாப்பாடு கட்டிக்கிட்டுப் போகணுமா?

---

பழைய டெஸ்க்

114லேயே போய், ரோம் தாண்டியதும் அரோரா வரும். கண் இமைத்தால் ஊர் போய்விடும், மெதுவாகப் போங்கள். சிமெட்ரி ரோடு என்று பலகை இருக்கும், அதில் திரும்புங்கள். உள்ளே கோணல் மாணலாக வளைந்த ஒரு பெரிய மரத்தடியைத்தான் அவன் குழி என்று காட்டுகிறார்கள். வருகிறவர்கள் காசு, பொம்மை என்று ஏதாவது வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பையன் ஏதாவது வைக்க ஆசைப்பட்டால் வைக்கட்டும், கல்லையோ மண்ணையோ மட்டும் எடுத்து வர வேண்டாம். அடக்கம் ஏதாவது நடந்துகொண்டிருந்தால் வெளியிலேயே காத்திருந்துவிட்டு உள்ளே போங்கள். ப்ராக்டரின் பழைய நிலம் இன்று தனியார் இடம், வேலி தாண்ட வேண்டாம், இது டெக்சாஸ்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. இல்லையென்றால் வழியில் ரேஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் பக்கீஸ் (Buc-ee's) என்கிற பெரிய பெட்ரோல் பங்க் கடை இருக்கிறது, அங்கே நிறுத்துங்கள். பிள்ளைகள் கண்டிப்பாக ஒரு மணி நேரம் இழுத்துவிடுவார்கள், அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பக்கீஸ் வைத்துக்கொண்டால் உங்களுக்குச் சௌகரியம்.

---

வானம்பாடி77

நான் இன்னும் நம்புறேன், அது வேற விஷயம் 😄 ஊர்சுற்றி ப்ரோ, மரத்தடி போட்டோ ஒண்ணு போடுங்க. அந்தக் குழந்தை கல்லையும்.